"மாத்திரை போட்டியா?"

அக்காவிடம் நான் கேட்ட கேள்விகளில் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருப்பது இரண்டே சொற்களில் முடிந்துவிட்ட ஒன்று. "மாத்திரை போட்டியா?" என்று கேட்டேன். அக்கறையோடு கேட்பதாகத்தான் அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். அம்மாவை யார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று அண்ணனும் நானும் பேசி முடிவெடுத்துவிட்டு, எங்கள் மூவரில் மூத்தவளான அவளுக்கு அதைப் பிறகு தகவலாகச் சொன்னோம். அவளுக்குக் கோபம் வந்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணலையா?" என்று குரலை உயர்த்தினாள். அறைக்குள் நடந்துகொண்டே பேசினாள். பழைய மனத்தாங்கல்களையும் சேர்த்துப் பேசினாள். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கோபம் வந்திருக்கும். ஆனால் அவளுக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு, பலரும் பைபோலார் என்று சொல்லும், மனநிலை எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய், இருக்கிறது. அதனால் அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. சொன்ன விதம் மட்டுமே கண்ணில் பட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டேன். பேசிக்கொண்டிருந்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

அடுத்து நடந்ததைப் பிறகு சொல்கிறேன். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அதை யாரும் கேட்காமல் விட்டதாலும் நாங்கள் பட்டிருக்கிறோம்.

முதல் எழுச்சி

அக்கா கணித ஆசிரியை. இருபத்தாறு வயதில் அவளை முதலில் பார்த்த மருத்துவர் மனச்சோர்வு என்றார். அன்றைக்கு அவளிடம் காணக்கூடியதாக இருந்ததும் அதுதான். தலைவாரிக்கொள்ளக்கூடக் கை ஓடாமல் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவளுக்கு மனச்சோர்வைப் போக்கும் மாத்திரை எழுதித் தரப்பட்டது. அதற்கு முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், களைப்பும் தெரியாமல், வழக்கத்துக்கு மீறிய உற்சாகத்தோடு சில நாட்கள் இருந்ததுண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கல்லூரிக் கடைசி ஆண்டில் ஒரு வாரம் முழுக்க இரவு பகல் பாராமல் படித்தாள், என்ன சுறுசுறுப்பு என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம் என அம்மா சொல்லியிருப்பார். இந்த நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் தாழ்நிலையில் இருக்கும்போதுதான் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள். எழுச்சியில் இருப்பவருக்குத் தனக்கு நோய் என்றே தோன்றாது. வாழ்க்கையில் முதல்முறையாக நலமாக இருப்பதாகத் தோன்றும். நோய்க்குச் சரியான பெயர் கிடைக்கப் பலருக்கு ஆண்டுகள் பல ஆவது இதனால்தான். மனச்சோர்வுக்கான மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் இவர்களில் சிலர் அங்கிருந்து நேராக எழுச்சிக்குத் தாவிவிடக்கூடும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து. அக்காவுக்கு அப்படித்தான் ஆனது.

முதல் இரண்டு வாரங்கள் எங்களுக்கு மகிழ்ச்சி. எழுந்து நடமாடினாள், சிரித்தாள், மருந்து வேலை செய்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து உள்ளே போனேன். தரையெங்கும் மாணவர்களின் பழைய விடைத்தாள்கள் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. அவற்றின் பின்பக்கங்களில் கணிதம் கற்பிக்கப் புதிய முறை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். பக்க எண்கள் 1, 2, 3 என்று தொடங்கி, அங்கிருந்து 40க்குப் போய், பிறகு 400க்குத் தாவியிருந்தன. இடையில் உள்ளவை எங்கே என்று கேட்டேன். அவை தாமாக வந்துவிடும் என்றாள். முதல் தாள்களில் அவளுடைய வழக்கமான பொடி எழுத்து. போகப்போக எழுத்து பெரிதாகி, கடைசித் தாள்களில் ஒரு பக்கத்துக்கு ஒரே சொல்தான் இருந்தது. கொஞ்ச நேரம் தூங்கு என்று சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த சினத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. நான்கு நாட்கள் கழித்து அவளை மருத்துவமனையில் சேர்த்தோம்.

அந்தச் சினத்தை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மேனியா எனப்படும் எழுச்சி நிலை என்றால் கட்டுக்கடங்காத மகிழ்ச்சி என்றே பலரும் நினைக்கிறார்கள். மருத்துவ வரையறையிலேயே மகிழ்ச்சிக்குச் சமமாக எரிச்சலும் இடம்பெறுகிறது. அப்படியான மனநிலையும் பெருகிய ஆற்றலும் குறைந்தது ஏழு நாட்கள் நீடித்தால், அல்லது அதற்குள்ளேயே மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றினால், அது மேனியா. வாழ்க்கையைக் குலைத்துப்போடாத மிதமான வடிவம் நான்கு நாட்களாவது நீடித்தால் அது ஹைப்போமேனியா. ஆக, கோபம் இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று நான் எண்ணியதில் பிழையில்லை. இந்தப் பிரச்சினையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது: அறிகுறியாக வரும் கோபமும் நியாயமாக வரும் கோபமும் வெளியே ஒரே குரலில்தான் பேசுகின்றன.

எழுச்சி கண்ணில் படுகிறது, ஊரறிய நடக்கிறது. ஆயுளைத் தின்பது என்னவோ சோர்வுதான். 146 நோயாளிகளைச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழப் பாதி வாரங்களை அவர்கள் ஏதேனும் அறிகுறியோடு கழித்திருந்தார்கள். மொத்த வாரங்களில் மூன்றில் ஒரு பங்கு மனச்சோர்வுக்கே போயிருந்தது. எழுச்சிக்குப் போனது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அக்காவின் ஆண்டுகளும் அந்தக் கணக்கை ஒட்டியே போயின. அவள் சத்தமாகப் பேசியது சில வாரங்கள். சுவரைப் பார்த்துக் கிடந்தது பல மாதங்கள். அந்த மாதங்களில் நாங்கள் யாரும் பதறி ஓடிவரவில்லை. சத்தம் போடாத நோயை வீடு எளிதில் பொறுத்துக்கொண்டுவிடுகிறது.

ஓர் உப்பின் கதை

மருத்துவமனையில் அவளுக்கு லித்தியம் தொடங்கினார்கள். தொழிற்சாலையில் உருவாக்கப்பட்ட சிக்கலான மூலக்கூறு ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். அது ஓர் எளிய தனிமத்தின் உப்பு, பாறையிலும் ஊற்று நீரிலும் இருப்பது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் எழுச்சி நிலையில் இருந்த பத்துப் பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் அடங்கியதைப் பதிவு செய்தார். நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தானே விழுங்கிப் பார்த்தார். அவருடைய முதல் நோயாளி வியக்கத்தக்க விதத்தில் தேறினார். மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. மீண்டும் தொடங்கி, அடுத்த ஆண்டே லித்திய நச்சினால் இறந்துபோனார். இந்த மருந்தின் நன்மை, தீமை இரண்டும் அந்த ஒரே மனிதரின் கதைக்குள் அடங்கிவிடுகின்றன.

லித்தியத்தை உலகம் ஏற்கச் செய்தவர் டென்மார்க்கின் மனநல மருத்துவர் மோயன்ஸ் ஷோ. அவருடைய உடன்பிறந்தவர் ஒருவர் மீண்டும் மீண்டும் வந்த மனச்சோர்வால் அவதிப்பட்டார் என்பதையும், லித்தியத்தால் அவர் தேறினார் என்பதையும் படித்தபோது, முன்பின் அறியாத அந்த மனிதரிடம் எனக்கு ஓர் உறவு தோன்றிவிட்டது. நோய் வராமலே தடுக்க லித்தியம் உதவும் என்று ஷோவும் அவருடைய கூட்டாளி பாஸ்ட்ரூப்பும் சொன்னபோது, விருப்பத்தைச் சான்றென்று காட்டுகிறார்கள் எனச் சிலர் சாடினார்கள். 1970இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு பதிலாக அமைந்தது. லித்தியத்தில் சீராக இருந்தவர்களில் ஒரு பகுதியினர், யாரென்று தெரியாத வகையில், வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டார்கள். ஐந்து மாதங்களுக்குள் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் நோய் திரும்பியது. லித்தியத்தில் தொடர்ந்தவர்களில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. தற்கொலையைக் குறைக்கிறது என்பதற்கு இந்த நோயின் மருந்துகளிலேயே வலுவான சான்றுகள் கொண்டதும் லித்தியமே.

இவ்வளவும் தெரிந்திருந்தும் இரண்டாம் ஆண்டில் அக்கா அதை நிறுத்தினாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. எழுதும்போது விரல்கள் நடுங்கின. கரும்பலகையில் நேர்க்கோடு போட முடியாமல் மாணவர்கள் முன் அவள் நின்றிருக்கிறாள். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், ஏறிக்கொண்டே போன எடை, தைராய்டு மந்தமாகி அதற்கென்று இன்னொரு மாத்திரை. இவற்றுக்கு மேலாக, நலமாக இருந்தாள். நலமாக இருக்கும் ஒருவருக்கு மருந்து எதற்கு என்ற கேள்வியை விட அழகான பொறி வேறில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் விட்டுவிட்டாள். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்துவது, மெல்லக் குறைப்பதை விட, நோயை வேகமாகத் திரும்ப அழைக்கும். ஆறாவது வாரத்தில் மறுபடியும் மருத்துவமனை. "மாத்திரை போட்டியா?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் குடிபுகுந்தது அப்போதுதான். அதன் பிறகு அது போகவேயில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஒருமுறை பல்வலிக்காக இபுபுரூஃபன் மாத்திரையை ஐந்தாறு நாட்கள் எடுத்துக்கொண்டாள். எழுதிக் கொடுத்தவர் வேறு என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வகை வலிநிவாரணிகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளும், வாந்தி வயிற்றுப்போக்கில் உடல் வற்றிப்போவதும் அதே வேலையைச் செய்யும். அவள் பேச்சு குழறியது, நடை தள்ளாடியது, கையிலிருந்த தண்ணீர்க் குவளை தளும்பித் தரையெல்லாம் சிந்தியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மறுபடியும் மனச்சோர்வு வருகிறது என்று நினைத்தேன். இரண்டு நாட்கள் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ரத்தத்தைப் பரிசோதித்தபோது லித்தியம் லிட்டருக்கு 1.7 மில்லிமோல். நெடுநாள் சிகிச்சையில் அது 0.6 முதல் 0.8 வரை, சிலருக்கு 1.0 வரை, இருந்தால் போதும், 1.5ஐத் தாண்டினால் நச்சு. கடைசியாக மருந்து எடுத்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தும் அவள் உடலில் நடந்ததை மனத்தில் நடப்பதாகவே படித்தேன். அவளிடம் எதைக் கண்டாலும் நோய் என்று வாசிக்கப் பழகிய கண், கண்ணெதிரே இருந்த நஞ்சைத் தவறவிட்டது.

எண்ணிப் பார்

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பேச்சை நிறுத்திய அக்கா தன் அறைக்குப் போனாள். கதவை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். மாத்திரை அட்டைகளோடு திரும்பி வந்து, மேசைமேல் என் முன்னால் அவற்றை வரிசையாக வைத்தாள். "எண்ணிப் பாரு" என்றாள். நான் எண்ணினேன். இந்தக் கட்டுரையில் எழுதக் கூசும் சொல் இதுதான்: எண்ணினேன். பிதுக்கி எடுத்த குழிகளை விரலால் தொட்டுத் தொட்டு, தேதியோடு ஒப்பிட்டு எண்ணினேன். கணக்குச் சரியாக இருந்தது. நான் எண்ணி முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, "இனிமே எனக்குக் கோபம் வந்தா ரத்தப் பரிசோதனைத் தாளோட வரட்டுமா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் உயர்வு துளியும் இல்லை.

அதன் பிறகு ஏறக்குறைய ஓராண்டு அவள் எங்கள் யாரோடும் சண்டை போடவில்லை. அளந்து பேசினாள், மெல்லச் சிரித்தாள், எதைச் சொன்னாலும் சரி என்றாள். எவ்வளவு நன்றாக இருக்கிறாள் என்று அண்ணன் சொன்னான். நானும் அப்படித்தான் எண்ணினேன். வழக்கமான மருத்துவச் சந்திப்பு ஒன்றில் நானும் உடன் இருந்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். அக்கா சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சிரிக்கறதைக் குறைச்சுட்டேன் டாக்டர். சத்தமா சிரிச்சா இவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்க" என்றாள்.

மருத்துவர் என் பக்கம் திரும்பி, அக்காவிடம் நீங்கள் எவற்றைக் கவனிக்கிறீர்கள் என்று கேட்டார். உரத்த பேச்சு, அதிகச் சிரிப்பு, கோபம், செலவு என்று அடுக்கினேன். இவை எல்லாம் எல்லோரிடமும் இருக்கின்றனவே என்றார் அவர். தூக்கத்தைக் கவனிக்கச் சொன்னார். தூக்கம் வராமல் புரண்டு மறுநாள் சோர்ந்துபோகிறவர் வேறு; மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு மறுநாள் களைப்பே இல்லாமல் இருக்கிறவர் வேறு. இரண்டாமவரிடம்தான் எழுச்சி கருக்கொள்கிறது. தூக்கம் குறைவது எழுச்சியின் அறிகுறி. தூக்கத்தைக் கெடுத்தால் அதுவே எழுச்சியைத் தூண்டவும் செய்யும். ஒரு நாள் பொழுதின் தாளம் குலைவது இந்த நோயில் அவ்வளவு முக்கியம் என்பதால்தான், எழும் நேரம், உண்ணும் நேரம், படுக்கும் நேரம், மனிதர்களோடு பழகும் நேரம் ஆகியவற்றைச் சீராக வைத்திருக்கப் பயிற்றும் உளவியல் சிகிச்சை ஒன்றையே எலன் ஃபிராங்க் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் உருவாக்கினார். குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசக் கற்றுத்தரும் சிகிச்சையும் இருக்கிறது. மருந்தோடு இவையும் சேரும்போது நோய் திரும்புவது குறைகிறது. எங்களுக்கு இவற்றை யாரும் முதல் ஆண்டிலேயே சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. மருந்துச் சீட்டு முதல் நாளே கைக்கு வந்துவிட்டது; வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பது ஆறாம் ஆண்டில்தான் வந்தது.

ஒவ்வொருவருக்கும் எழுச்சி அவரவருக்கே உரிய வழியில் தலைகாட்டும் என்றும், உங்களுக்கு எப்படி வருகிறது என்றும் மருத்துவர் அக்காவிடம் பேசினார். அவளுக்குத் தெரிந்திருந்தது. முதலில் தூக்கம் குறையும், இரண்டாவதாகக் கையெழுத்து பெரிதாகும், மூன்றாவதாகப் பல ஆண்டுகளுக்கு முன் படித்த மாணவர்களைத் தேடித்தேடித் தொலைபேசியில் அழைக்கத் தோன்றும் என்று வரிசையாகச் சொன்னாள். கோபம் அந்த வரிசையில் எத்தனையாவது என்று நான் கேட்டேன். "கடைசி. அதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள். ஆறு ஆண்டுகளாக நான் கடைசி அறிகுறியின் வாசலில் காவல் காத்திருக்கிறேன்; முதல் மூன்றையும் பற்றி அவளிடமே கேட்டிருக்கலாம்.

அவள் நலமாக இருந்த அந்த மாதத்திலேயே உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதினோம். அவளே எழுதினாள், பொடி எழுத்தில். தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று ஒரு நோட்டில் குறிப்பாள். அந்த நோட்டு கூடத்தில் இருக்கும், நான் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். தொடர்ந்து இரண்டு இரவுகள் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்து, களைப்பும் இல்லையென்றால், அவளைக் கேட்காமலே நான் மருத்துவரை அழைக்கலாம். அன்று அவள் என்ன மறுப்புச் சொன்னாலும் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மாத்திரையைப் பற்றி நான் கேட்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்போது அவளே காட்டுவாள். கடைசி வரி இப்படி இருந்தது: "கோபம் மட்டும் காரணமாகாது."

ஒப்பந்தம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. மனச்சோர்வு இரண்டு முறை வந்தது. லித்தியத்தோடு லாமோட்ரிஜின் சேர்த்தார்கள். கடுமையான தோல் தடிப்பு வரக்கூடிய மருந்து என்பதால் 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். அந்த நிதானத்தைப் பொறுத்துக்கொள்வது சோர்வில் கிடப்பவருக்கு எத்தனை கடினம் என்பதை அருகிலிருந்து பார்த்தேன். எழுச்சி ஒருமுறை எட்டிப் பார்த்தது. நோட்டில் நான்கரை, நான்கு என்று இரண்டு நாட்கள். இரண்டாம் நாள் காலை அவளே நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் எதிரே உட்கார்ந்தாள். 4 என்ற எண் அதற்கு முந்தைய நாளின் எண்ணை விடக் கொஞ்சம் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. மருத்துவரை அழைத்தேன். மருந்தின் அளவு மாற்றப்பட்டது, மருத்துவமனை தேவைப்படவில்லை.

சென்ற மாதம் அக்காவுக்கு என்மேல் மறுபடியும் கோபம் வந்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு அவளிடம் சொல்ல மறந்திருந்தேன். மறந்தேன் என்பதுகூட முழு உண்மையில்லை. சொன்னால் கேள்விகள் வரும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அவள் குரல் உயர்ந்தது, அறைக்குள் நடக்கத் தொடங்கினாள். அந்தப் பழைய கேள்வி நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. எழுந்து போய் நோட்டைப் புரட்டினேன். ஏழு, ஏழரை, ஏழு, ஆறே முக்கால், ஏழு. எல்லாம் பொடி எழுத்தில். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நோட்டைப் பாத்துட்டுத்தானே உக்காந்தே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடராமல், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.